ஸ்பீக்கர் வயர் இணைக்க இனி ஆள் தேட வேண்டாம்

வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்டீரியோ செட் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் கிடக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அம்ப்ளிபயர் இருக்கிறது, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருக்கின்றன, சுருட்டி வைத்த வயரும் இருக்கிறது. ஆனால், "தெரிந்த யாராவது வந்து பூட்டித் தரட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். இன்னும் சில வீடுகளில், பெருநாளைக்குச் சுவருக்குப் பெயின்ட் பூசும்போது கழற்றிய வயர்கள், எது எதில் இருந்தது என்று தெரியாமல் அப்படியே தொங்கிக் கொண்டிருக்கும்.

சகோதரிகளே, தையல் மெஷினில் நூல் கோத்துப் பழகிய கைகளுக்கு இது ஒரு பெரிய வேலையல்ல. அம்ப்ளிபயரில் நான்கு நுனிகள், ஸ்பீக்கர்களில் நான்கு நுனிகள், மொத்தம் எட்டே எட்டு நுனிகள்தாம். அவற்றைச் சரியான இடத்தில் இறுக்கமாகப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது.

எனினும் அலட்சியமாகச் செய்யக்கூடிய வேலையும் அல்ல. ஒரு மெல்லிய செப்புக் கம்பி இடம் மாறித் தொட்டால்கூட அம்ப்ளிபயரின் உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டர்கள் எரிந்து போகலாம். கஷ்டப்பட்டு உழைத்து அனுப்பிய ஒரு பொருள் ஒரு நிமிடத்தில் பழுதாகிவிடும். ஆகவே விடயத்தை முதலில் விளங்கிக் கொள்வோம்.

ஏன் இரண்டு ஸ்பீக்கர்?

நமக்கு இரண்டு காதுகள் இருப்பதனால்தான் கண்ணை மூடியிருந்தாலும் யார் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்பதை அறிகிறோம். இந்த அடிப்படையில் ஒலியைப் பதிவு செய்யும் முறைக்கு 1931ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் அலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். வலப்பக்க ஒலியும் இடப்பக்க ஒலியும் தனித்தனியே பதிவாகி, தனித்தனி ஸ்பீக்கர்களில் வெளிவருவதே ஸ்டீரியோ. எனவேதான் அம்ப்ளிபயரின் பின்பக்கத்தில் இரண்டு சோடி இணைப்புகள் இருக்கின்றன. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் ஒரே விதமாக முன்னும் பின்னும் அசைந்தால்தான் ஒலி ஒழுங்காகச் சேரும். சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்து வைத்திருப்பதன் காரணமும் அதுவே.

பிளக்கைக் குத்துமுன் ஒரு பார்வை

ஸ்பீக்கர் வயரைத் தொடுவதற்கு முன், செட்டின் பின்பக்கத்தில் ஒட்டியுள்ள தகட்டை வாசியுங்கள். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான். அங்கு பாவித்துவிட்டு இங்கு விற்பனைக்கு வரும் செட்டுகளில் பல 100 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. சவூதி அரேபியாவிலும் முன்னர் வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம் பாவனையில் இருந்தது. ஆகவே அக்காலத்தில் அங்கிருந்து கொண்டு வந்த பழைய செட்டுகளையும் கவனித்துப் பார்க்க வேண்டும்.

சில செட்டுகளில் 110, 220 என்று மாற்றக்கூடிய சிறிய சுவிட்ச் ஒன்று பின்னால் இருக்கும். அதைப் பிளக் குத்துமுன்னரே 220 அல்லது 240 பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அப்படியொன்று இல்லாமல் 100 அல்லது 120 என்று மட்டும் எழுதியிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் பிளக்கில் குத்தவே கூடாது. அந்த ட்ரான்ஸ்போமரின் வோட் அளவு, செட்டில் எழுதியுள்ள வோட் அளவை விடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

அம்ப்ளிபயரின் பின்னால் "ஸ்பீக்கர்" என்று எழுதியுள்ள இடத்தைத் தேடுங்கள். அங்கு இரண்டு சோடிகள் இருக்கும். ஒன்றில் "எல்" என்றும் மற்றதில் "ஆர்" என்றும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். "எல்" இடப்பக்கம், "ஆர்" வலப்பக்கம். நீங்கள் செட்டை நோக்கி அமர்ந்திருக்கும்போது உங்களுடைய இடக்கை, வலக்கைப் பக்கங்களே அவை. ஒவ்வொரு சோடியிலும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சிவப்பு + ஆகும், கறுப்பு − ஆகும். ஸ்பீக்கர் பெட்டிகளின் பின்னாலும் இதே இரண்டு நிறங்கள் உண்டு.

இணைக்கும் இடம் இரண்டு வகைப்படும். ஒன்று, ஸ்பிரிங் வகை. சிறிய நெம்பை அமுக்கினால் துளை திறக்கும். வயரை உள்ளே விட்டுக் கையை எடுத்தால் கடித்துக் கொள்ளும். மற்றது, திருகு வகை. பிளாஸ்டிக் தலையை இடப்பக்கமாகச் சுழற்றித் தளர்த்தினால் தண்டில் ஒரு துளை தெரியும். அதில் வயரை நுழைத்து, வலப்பக்கமாகச் சுழற்றி இறுக்க வேண்டும்.

எந்த வயர் வாங்குவது?

கடைக்காரர் தங்க முலாம் பூசிய வயர் என்று விலை கூடியதை எடுத்துக் காட்டக்கூடும். ஏமாற வேண்டாம். வீட்டுப் பாவனைக்குத் தேவையானது, போதிய தடிப்புள்ள, பல மெல்லிய இழைகளால் ஆன சாதாரண இரட்டைச் செப்பு வயர்தான்.

தடிப்பு ஏன் முக்கியம்? செம்பும் மின்சாரத்துக்குச் சிறிது தடை கொடுக்கும். வயர் மெலிந்தால் தடை கூடும், நீண்டாலும் கூடும். அந்தத் தடை, ஸ்பீக்கரின் தடையில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் பாதகமில்லை. ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று எழுதியிருப்பது அதன் தடை.

ஹார்ட்வெயார் கடைகளில் 23/0076, 40/0076 என்ற இலக்கங்களில் இரட்டை வயர் விற்கிறார்கள். முதல் இலக்கம் உள்ளே எத்தனை இழைகள் என்பதையும், அடுத்த இலக்கம் ஒவ்வோர் இழையின் தடிப்பு 0.0076 அங்குலம் என்பதையும் காட்டுகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 23/0076 வயர் சுமார் 7 மீற்றர் தூரம் வரை போதும். 40/0076 வயர் சுமார் 13 மீற்றர் வரை போதும். மில்லிமீற்றர் கணக்கில் விற்கும் கடையானால், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் 17 மீற்றர் வரை தாங்கும். 4 ஓம் ஸ்பீக்கரானால் இந்தத் தூரங்களைப் பாதியாக்கிக் கொள்ளுங்கள். சாதாரண ஹோல் ஒன்றுக்கு 40/0076 தாராளம்.

வாங்கும்போது நுனியைப் பிளேட்டினால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவாக இருக்கலாம். ஆனால் தடை கூடியது, வளைத்தால் சீக்கிரம் முறியும். வெளியே வெள்ளையாகவும் உள்ளே செம்பாகவும் இருந்தால் பயமில்லை. அது ஈயம் பூசிய செம்பு.

இரு பக்க வயரும் ஒரே நீளமாக இருந்தே ஆக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மின்சாரம் ஓடும் வேகத்தில் சில அடி வித்தியாசம் காதுக்குத் தெரியாது. எனவே மிஞ்சிய வயரைச் சுருட்டி வைக்க வேண்டியதில்லை. ஆனால் சுவரோரமாகச் சுற்றிக் கொண்டு போக வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, அளந்ததை விட ஒரு மீற்றர் கூடுதலாக வாங்குங்கள்.

படிப்படியாகச் செய்வோம்

தேவையான சாமான்கள்: பிளேட் அல்லது கூரிய கத்தரிக்கோல், சிறிய ஸ்குரூ டிரைவர், இன்சுலேசன் டேப், டோர்ச் லைட்.

1. செட்டை நிறுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சத்தம் கூட்டும் குமிழை முற்றாகக் குறைத்து வையுங்கள்.

2. இரட்டை வயரின் இரு நுனிகளையும் ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்கு இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மேல்தோலை உரியுங்கள். பிளேட்டை அழுத்தி வெட்டாமல், மெதுவாகச் சுற்றிக் கோடு போட்டு இழுத்தால் தோல் கழன்று வரும். உள்ளே இழைகள் வெட்டுப்பட்டுவிட்டால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் உரியுங்கள்.

3. இழைகளை ஒரே பக்கமாக இறுக்கி முறுக்குங்கள். ஊசியில் கோக்குமுன் நூல் நுனியை முறுக்குவோமே, அதைப் போல. ஓர் இழையும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது. மிக முக்கியமான படி இதுதான்.

4. இரு வயரில் எது + என்று தீர்மானியுங்கள். ஒன்றில் சிவப்புக் கோடோ, எழுத்தோ, தடவினால் தெரியும் வரம்போ இருக்கும். அடையாளம் உள்ளதைச் சிவப்புக்கென்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால், ஒரு வயரின் இரு நுனியிலும் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

5. முதலில் ஸ்பீக்கர் பக்கத்தைப் பொருத்துங்கள். அடையாளமுள்ள வயர் சிவப்பில், மற்றது கறுப்பில்.

6. பின்னர் அம்ப்ளிபயர் பக்கம். இடப்பக்க ஸ்பீக்கரின் வயர் "எல்" சோடியில், வலப்பக்க ஸ்பீக்கரின் வயர் "ஆர்" சோடியில். அடையாளமுள்ளது சிவப்பில்தான்.

7. ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கழன்று வரக் கூடாது. பிளாஸ்டிக் தோலைக் கடித்துக் கொண்டிருந்தால் ஒலி வராது. செம்பையே கடித்திருக்க வேண்டும்.

8. டோர்ச் அடித்து, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் ஏதாவது இழை தொட்டுக் கொண்டிருக்கிறதா என்று அவதானியுங்கள். எல்லாம் சரியென்று கண்ட பிறகே பிளக்கைக் குத்துங்கள். சத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

ஒரு விடயம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனியாகப் போக வேண்டும். வயரை மிச்சம் பிடிக்க எண்ணி, இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பையும் ஒரே வயரில் இணைக்காதீர்கள். சில செட்டுகளுக்கு அது பெரும் தீங்காகும்.

சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால்?

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் நிறம் மாறினால் செட் எரியாது, ஒலியும் வரும். அதனாலேயே பல வீடுகளில் இந்தக் குறை வருடக்கணக்காகத் தெரியாமலே இருக்கிறது. நடப்பது என்னவென்றால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னுக்குத் தள்ளும்போது மற்றது பின்னுக்கு இழுக்கிறது. ஒன்று செய்வதை மற்றது அழித்துவிடுவதால் கனமான ஒலிகள் மெலிந்து போகின்றன.

கண்டுபிடிக்கும் வழி இலேசானது. வானொலியில் செய்தி வாசிக்கும் நேரத்தில் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் அமர்ந்து கேளுங்கள். வயர் சரியாக இருந்தால், வாசிப்பவர் இரண்டுக்கும் நடுவில் இருந்து வாசிப்பது போலிருக்கும். மாறியிருந்தால், குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாதபடி பரந்து கிடக்கும். குரலில் கனமும் இருக்காது. அப்படியானால் செட்டை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரு வயரையும் இடம் மாற்றுங்கள். இரண்டிலும் மாற்றினால் பயனில்லை. பழைய நிலைக்கே வந்துவிடும்.

பழைய ஸ்பீக்கரில் நிறமெல்லாம் அழிந்து போயிருந்தால் இன்னொரு வழி உண்டு. வயரை அம்ப்ளிபயரிலிருந்து முற்றாகக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டோர்ச் பற்றரி ஒன்றின் இரு பக்கங்களிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். "டக்" என்ற சத்தத்தோடு பெரிய ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு முன்னுக்கோ பின்னுக்கோ அசையும். முன்னுக்கு வந்தால், பொதுவாக பற்றரியின் + பக்கம் தொட்ட வயர்தான் சிவப்புக்குரியது. இரு ஸ்பீக்கர்களும் ஒரே மாதிரி அசையும்படி பார்த்துக் கொள்வதே முக்கியம்.

குசினிக்கும் ஒரு ஸ்பீக்கர் வேண்டுமா?

சமைக்கும்போதும் கேட்க ஒரு ஸ்பீக்கர் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால், இருக்கின்ற ஸ்பீக்கரின் வயரோடே மற்றொன்றையும் சேர்த்து முறுக்கி விடுவது அம்ப்ளிபயருக்கு ஆபத்து. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை அப்படி இணைத்தால் மொத்தத் தடை 4 ஓமாகக் குறைகிறது. 4 ஓம் இரண்டானால் 2 ஓம். தடை குறையக் குறைய அம்ப்ளிபயர் கூடுதலான மின்சாரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும், சூடாகும், இறுதியில் எரியும்.

செட்டின் பின்னால் எத்தனை ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கும். "ஏ", "பி" என்று இரண்டு சோடி ஸ்பீக்கர்களுக்கு இடமுள்ள செட்டானால், இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும்போது ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை ஓமாக இருக்க வேண்டும் என்றும் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அதன்படியே செய்யுங்கள்.

அந்த வசதி இல்லாத செட்டில், மாலையில் மணி கோப்பது போல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கலாம். அம்ப்ளிபயரின் சிவப்பிலிருந்து முதல் ஸ்பீக்கரின் சிவப்புக்கு. அதன் கறுப்பிலிருந்து இரண்டாவதின் சிவப்புக்கு. இரண்டாவதின் கறுப்பிலிருந்து அம்ப்ளிபயரின் கறுப்புக்கு. 8 ஓம் இரண்டு சேர்ந்து 16 ஓமாகும். சத்தம் சற்றுக் குறையும், ஒரு பக்கத்து ஒலி மட்டுமே குசினிக்கு வரும். ஆனால் செட்டுக்குப் பாரமில்லை.

"ஆயிரம் வோட்" என்ற மயக்கம்

சில பெட்டிகளில் "1000 வோட் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த அளவுக்கு ஒழுங்கான வரைவிலக்கணம் எதுவும் கிடையாது. "ஆர்.எம்.எஸ்." என்று எழுதியுள்ள வோட்தான் நம்பத்தகுந்தது. பின்பக்கத் தகட்டில் செட் இழுக்கும் மின்சாரம் 40 வோட் என்றிருந்தால், அது தொடர்ச்சியாக 40 வோட்டுக்கு மேல் ஒலியாகத் தர முடியாது என்பதைச் சிறு பிள்ளையும் விளங்கிக் கொள்ளும். சிறிய செட்டை முழுச் சத்தத்தில் வைத்து, ஒலி கிழிவது போல் கேட்க விடுவதால்தான் சிறிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் எரிகின்றன.

ஒரு பக்கம் பேசவில்லையா?

முதலில் பாலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா, "ஏ", "பி" பொத்தான் அமுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் செட்டை நிறுத்தி, அம்ப்ளிபயர் பக்கத்தில் இட, வல வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துங்கள். முன்பு பேசாத அதே ஸ்பீக்கர் இப்போதும் பேசாவிட்டால், பழுது வயரில் அல்லது ஸ்பீக்கரில். மற்றைய ஸ்பீக்கர் மௌனமானால், பழுது அம்ப்ளிபயரில் அல்லது அதற்கு ஒலி தரும் கருவியில். இதைத் தெரிந்து கொண்டு திருத்தும் கடைக்குப் போனால், எது பழுது என்று நீங்களே சொல்லலாம். வீண் செலவும் மிஞ்சும்.

கடற்கரையை அண்டிய ஊர்களில் உப்புக் காற்றினால் செப்பு நுனி கறுத்து, பச்சை பிடிக்கும். கரகரவென்ற சத்தத்துக்கு அதுவே பெரும்பாலும் காரணம். வருடத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்துப் பொருத்தினால் சரியாகிவிடும்.

இவற்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்

ஸ்பீக்கர் வயருக்கு, சுவரில் குத்தும் மின்சாரப் பிளக்கைப் பூட்டாதீர்கள். கழற்றிப் போட வசதி என்று சிலர் செய்கிறார்கள். விபரம் அறியாத பிள்ளை அதைக் கொண்டு போய்ச் சுவரில் குத்தினால் 230 வோல்ட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். உயிருக்கே ஆபத்து.

வயரைப் பாய்க்கும் கம்பளத்துக்கும் கீழே விட வேண்டாம். மிதிபட்டுத் தோல் கிழிந்து இரு வயரும் தொட்டுக் கொள்ளும். வாசலைக் கடந்தும் விடாதீர்கள்; வயதானவர்கள் தடுக்கி விழக்கூடும். சுவரோரமாக, பிள்ளைகள் இழுக்காத உயரத்தில் கொண்டு செல்லுங்கள். மின்சார வயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

நாம் ஆசையோடு பின்னிய துணியை அம்ப்ளிபயருக்கு மேல் விரிப்பது அழகுதான். ஆனால் சூடு வெளியேறும் துளைகள் அங்குதான் இருக்கின்றன. செட் வேலை செய்யும்போது துணியை எடுத்துவிடுங்கள். மேலே பூச்சாடியும் வேண்டாம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். மேகம் கறுத்து வரும்போதே பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றி வைப்பது நல்லது. மின்னல் அடிக்கத் தொடங்கிய பின் வயர்களில் கை வைக்க வேண்டாம்.

அம்ப்ளிபயரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அது திருத்துபவரின் வேலை. வெளியே உள்ள எட்டு நுனிகள்தாம் நம்முடைய வேலை.

வேலை முடிந்ததும் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். பிளாஸ்டர் துண்டுகளில் "இடம்", "வலம்" என்று எழுதி ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் ஒட்டி விடுங்கள். அடுத்த முறை வீடு பெயின்ட் பூசும்போதோ, வீடு மாறும்போதோ, உங்கள் பத்து வயது மகளே பிளக்கைக் கழற்றிவிட்டு எட்டு நுனிகளையும் சரியாகப் பொருத்தி விடுவாள்.